பெரிய ஸ்கேன் வேண்டாம்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது போய் வேறு ஏதாவது வாயில் வரும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு வலி மறுபடியும் வந்துவிட்டது. இடது பக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் கிளம்பி, முன்னால் சுற்றி அடிவயிற்றுக்கு இறங்குகிறது. போன வெள்ளிக்கிழமை காலை முதல் டிரிப். பாலத்தில் ஏறும்போது பிடித்தது. பின்னால் நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து, "என்னண்ணே, சாமி வந்துருச்சா?" என்கிறான். சிரிக்கக்கூட முடியவில்லை. அவன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். ஊசி போட்டாள், வலி அடங்கியது. நல்ல பெண்தான். "இதுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "ஏழு தடவ" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதுக்கு சார் ஏழு?"

"எட்டாவது எடுங்க, சொல்றேன்."

"வேணாம் சார். அல்ட்ராசவுண்ட் போதும்."

அந்த 'போதும்' காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கத்திவிட்டேன். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தகவல் கேட்டு வந்திருந்த உன் அண்ணி, நான் விட்டுவிட்டு வந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

உன் ஆஸ்பத்திரியில் அந்த மெஷினில் நிற்பவள் நீதானே. ஆறு மணி நேரம் பஸ். என்றைக்கு வரட்டும் என்று சொல். வந்து படுக்கிறேன், ஒரு படம் எடுத்துக் கொடு, போய்விடுகிறேன். டீகூட வேண்டாம்.

அப்பாவுக்குத்தான் எடுக்க வேண்டாம் என்று சொன்னாய். எனக்காவது எடு.

அண்ணன்

—

மார்ச் 9

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்கக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். அதை மறைக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் அறை தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மெஷினுக்குச் சூடு ஆகாது என்று வெயில் காலத்திலும் குளிர வைத்திருப்பார்கள். நான் வருஷம் முழுக்க ஸ்வெட்டரில் இருக்கிறேன். நேற்று முப்பத்தொரு பேர். அதில் ஒன்பது பேரின் சீட்டில் 'கிட்னிக் கல்லா?' என்று ஒற்றைக் கேள்விக்குறி. அந்த ஒன்பதில் ஐந்து பேருக்கு அல்ட்ராசவுண்டே போதுமாக இருந்திருக்கும். அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. சீட்டு வந்தால் எடுப்பேன், அவ்வளவுதான் என் வேலை. மெஷின் என் கையில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். டாக்டர் எழுதாமல் என் சொந்த அண்ணனைக்கூட அதில் படுக்க வைக்க முடியாது.

சில கேள்விகள் கேட்கிறேன், பதில் எழுதுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம் இருக்கிறதா? சிறுநீர் சரியாகப் போகிறதா, சிவப்பாக இருக்கிறதா? சாப்பிட்டது தங்குகிறதா? இதில் காய்ச்சலோ, சிறுநீர் அடைப்போ, நிற்காத வாந்தியோ இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இல்லையென்றால், எடுத்த ஏழு ஸ்கேன்களின் ரிப்போர்ட்டையும் அனுப்புங்கள். படம் வேண்டாம், எழுத்து மட்டும் போதும். ஏழு தடவை எடுத்ததால் உங்களுக்கு ஏதோ வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. அந்த ஆபத்து சின்னதுதான். ஆனால் சின்னது சின்னதாகச் சேரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். ஏழுக்கும் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். என்னிடம் பதில் இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை

—

மார்ச் 15

தங்கச்சிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? பல் விழுந்த வயசிலிருந்து 'டேய் அண்ணா' என்று கூப்பிட்டவள். ஏதோ மின்சார ஆபீசிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது. அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "பேஷன்டுக்கு எழுதற மாதிரி எழுதிருக்கா" என்றாள்.

சரி, பேஷன்ட் பதில் சொல்கிறான். காய்ச்சல் இல்லை. சிறுநீர் போகிறது, இரண்டு நாள் டீ நிறத்தில் இருந்தது, இப்போது இல்லை. சாப்பாடு தங்குகிறது. வலி வருகிறது, போகிறது. வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டிப்போவில் ஒரு வாரம் லீவு போட்டாயிற்று. ரிப்போர்ட் ஏழும் இதோடு வைத்திருக்கிறேன்.

பதில் இல்லை என்று எழுதிவிட்டாய். உனக்கு அது சுலபம். நான் தினமும் அதோடு எழுந்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை காலை அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். இடது பக்கம் முதுகைப் பிடித்துக்கொண்டு, "கல்லு போலருக்குடா" என்றார். வேறு யாரைக் கேட்பது? வீட்டில் ஆஸ்பத்திரிக்காரி நீ ஒருத்திதான். உனக்குப் போன் போட்டேன். சமையலறை அலமாரியில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நீ வேலையில் இருந்தாய், பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெரிய ஸ்கேன்லாம் இப்போ வேணாம்" என்றாய். உன் வாயால் சொன்னது. சனிக்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்தார். காரில் என் மடியில்தான் தலை. ஆஸ்பத்திரி கேட்டில் நுழையும்போது கை சில்லிட்டுப் போயிருந்தது. வயிற்றுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்ததாம், அது வெடித்துவிட்டதாம். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை.

அன்றைக்கு வீட்டில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னதற்கு நீ ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனவள் போனவள்தான்.

இப்போது அதே இடம், அதே இடது பக்கம், எனக்கு. வயசு ஐம்பத்து மூன்று. 'அல்ட்ராசவுண்ட் போதும்' என்று எவர் சொன்னாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது என்றால் அது ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்

—

மார்ச் 21

டேய் அண்ணா,

நீ கேட்டபடி எழுதுகிறேன். எனக்கும் 'நீங்கள்' எழுதி முடிப்பதற்குள் கை வலித்துவிட்டது.

அன்றைக்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை என்றால், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கேட்டால் நம்பமாட்டாய். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் ஒரே வார்த்தையைச் சொல்கிறவள் நான். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. யார் போனில் கேட்டாலும், பெரிய ஸ்கேனுக்கு உடனே ஓடாதீங்க. அன்றைக்கு மேஜையில் ஒரு கிழவர் படுத்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒரு கண்ணை அவர் மேல் வைத்துக்கொண்டு உன்னோடு பேசினேன். 'வேண்டாம்' என்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஏதாவது சொன்னேனா, இல்லை அதோடு போனை வைத்துவிட்டேனா? நாலு வருஷமாக அந்தப் பேச்சை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. அறுபத்தொன்பது வயசு, சிகரெட் குடிப்பவர், ரத்த அழுத்தம், முதல் தடவையாகக் கல் வலி. இதைக் கேட்டதும் ரத்தக்குழாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் விஷயம். வந்ததாக நினைவில்லை. அதனால்தான் நீ சொன்னபோது, அதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்கப்புறம் வயதானவர் எவர் இடுப்பு வலி என்று வந்தாலும் திரையில் கிட்னியைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அந்தக் குழாய்க்குத்தான் போகும். போன வருஷம் ஒருவருக்கு அது வீங்கியிருந்ததைப் பார்த்தேன். டாக்டரை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். மேஜையிலிருந்து நேராக ஆபரேஷனுக்குப் போனார். பிழைத்தார். அவர் மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை அண்ணா. களைப்பாகத்தான் இருந்தது.

இப்போது உன் விஷயம். ஏழு ரிப்போர்ட்டையும் இரண்டு தடவை படித்தேன். முதலாவதில் ஐந்து மில்லிமீட்டர் கல், அது தானாகவே விழுந்துவிட்டது. நாலாவதில் கிட்னிக்குள்ளேயே ஒரு சின்னக் கல், அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஐந்தில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஏழிலும் கீழ்ப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பெரிய ரத்தக்குழாய் இயல்பாக இருக்கிறது என்று. கடைசியாக எடுத்தது போன அக்டோபரில். உனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. நீ கல்லைப் பற்றித்தான் கேட்டாய், அவர்கள் கல்லைப் பற்றித்தான் சொன்னார்கள்.

அதனால் இந்தத் தடவை அநேகமாகக் கல்தான். அந்த உட்கார்ந்திருந்த கல் கிளம்பியிருக்கும். அதற்கு அல்ட்ராசவுண்ட் போதும், பெரிய ஸ்கேன் வேண்டாம். அப்பாவுக்குச் சொன்ன அதே வார்த்தையை உனக்கும் சொல்கிறேன். வேறு சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும் காட்டாது. சிறுநீர்க் குழாயின் நடுவில் மாட்டிக்கொண்ட சின்னக் கல் அதில் தப்பிவிடலாம். ஆனால் கிட்னி வீங்கியிருக்கிறதா என்று காட்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குழாயின் அடிப்பக்கம்கூடத் தெரியும். அதனால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு போ. அப்பாவுக்கு இருந்த நோய் மகன்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. "எங்க அப்பா ரத்தக்குழாய் வெடிச்சு செத்தாரு, அதையும் அளந்து சொல்லுங்க" என்று வாய் திறந்து கேள். அதற்கும் இதே அல்ட்ராசவுண்ட்தான், ஒரு நிமிஷ வேலை. எக்ஸ்ரே எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல், பல கற்கள் அதில் தெரியாது.

அதிலும் தெளிவாகவில்லை, வலியும் விடவில்லை என்றால் சீட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வா. கல்லுக்கு மட்டும் கதிரைக் குறைத்து எடுக்கும் முறை இருக்கிறது. வழக்கமாக எடுப்பதில் நாலில் ஒரு பங்குதான். நானே உன்னைப் படுக்க வைத்து எடுக்கிறேன். வந்தால் டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

முடிவு உன்னுடையது. என் பேச்சைக் கேட்டு ஏதாவது ஆனால் இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

தங்கை

—

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே சின்ன டாக்டர். என்னைப் பார்த்ததும் பிளாஸ்திரி டப்பாவைத் தள்ளி வைத்தாள். "அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிடும்மா" என்றேன். "பரவால்ல சார், உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் என் மேல வாந்தியே எடுத்தாரு" என்றாள்.

தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். ஒரு லிட்டரை ஊற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். எல்லார் முகத்திலும் ஒரே அவஸ்தை. அண்ணி, "பஸ்ல ஆள்கள நிக்க வெச்சு ஓட்டுவீங்கல்ல, இப்ப தெரியுதா?" என்று சிரித்தாள். சிரிக்க வைக்காதே, கொட்டிவிடும் என்றேன்.

உள்ளே ஒரு வயசான அம்மா. வயிற்றில் அந்தக் குளிர்ந்த கோந்தைத் தடவினார். நீ எழுதிக் கொடுத்தபடியே சொன்னேன். எங்க அப்பா ரத்தக்குழாய் வெடிச்சு செத்தாரு. அந்த அம்மா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிட்னியை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பாக ஒரு குழாய், துடித்துக்கொண்டிருந்தது. "பதினெட்டு மில்லிமீட்டர். நல்லா இருக்கு, போதுமா?" என்றார். அப்புறம் இடது கிட்னி லேசாக வீங்கியிருக்கிறது என்றார். கல் சிறுநீர்ப்பைக்குள் விழுகிற வாசலில் வந்து நிற்கிறது, நாலு மில்லிமீட்டர், தானாக விழுந்துவிடும் என்றார். பெரிய ஸ்கேன் தேவையில்லை.

நான் அந்த மேஜையிலேயே அழுதுவிட்டேன். வலியால் என்று நினைத்து அந்த அம்மா கையை எடுத்துவிட்டார்.

எதற்கு அழுதேன் என்று உன்னிடம்தான் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம், அவ்வளவுதான். கோந்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்பாவுக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

நீ போனை வைக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மேலே பேசினாய். எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "பெரிய ஸ்கேன்லாம் இப்போ வேணாம்ணா. ஆனா வயித்து ஸ்கேன், அல்ட்ராசவுண்ட், இன்னிக்கே எடுத்துரு, நாளைக்குன்னு தள்ளாத. அப்பா வயசுக்கு ரத்தக்குழாயயும் சேத்துப் பாக்கச் சொல்லு." பின்னால் மெஷின் சத்தம். சரி சரி என்று வைத்தேன்.

ஸ்கேன் சென்டர் அடுத்த தெருவில்தான், ஆறு மணி வரை இருப்பார்கள். எனக்கு மத்தியான ஷிப்ட். அந்த மாதம் ஏற்கெனவே மூன்று லீவு போட்டிருந்தேன், டிப்போ மேனேஜர் எல்லார் முன்னாலும் கிழித்திருந்தார். அண்ணி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அப்பாவிடம், "சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஆஃப், நானே கூட்டிட்டுப் போறேம்பா, அதுவரைக்கும் தண்ணி நிறையக் குடிங்க" என்றேன். அவர் "சரிடா, நீ வேலையப் பாரு" என்றார். வெள்ளிக்கிழமை வலி கொஞ்சம் குறைந்திருந்தது. பார்த்தாயா, கல்தான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை, அத்தனை கூட்டத்தில் சித்தப்பா கேட்டார். "ஏண்டா, ஒரு ஸ்கேன்கூடவா எடுக்கல?" என் வாய் திறந்தது. "அவதான் வேணாம்னா." முழுப் பொய்யாக இருந்தால் சொல்ல வந்திருக்காது. நீ சொன்னதில் பாதி அது. மீதியை விழுங்கிவிட்டேன். நீ மறுத்துப் பேசுவாய், சண்டை வரும், உண்மை வெளியே வந்துவிடும் என்று காத்துக்கொண்டு நின்றேன். நீ ஒன்றும் பேசாமல் பையை எடுத்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். நாள் போகப் போக அதுவே நடந்தது மாதிரி ஆகிவிட்டது.

ஏழு ஸ்கேனுக்கும் காரணம் கேட்டாயே. இரண்டு தடவைதான் நிஜமான வலி. மற்றதெல்லாம் லேசாகச் சுளுக்கினாலும் போய்ப் படுத்ததுதான். கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தது. எனக்குள்ளும் அது வீங்கியிருந்தால் அப்பாவுக்குச் செய்ததற்குக் கணக்கு நேராகிவிடும் என்று இருந்தது.

உனக்கு நினைவில்லை என்று போன கடிதத்தில் எழுதியதைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. நீ சொல்லியும், சொல்லவில்லை என்று நினைத்து நாலு வருஷம் நீயே தண்டனை அனுபவித்திருக்கிறாய்.

நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் விட்டாலும் சரி.

அண்ணன்

—

ஏப்ரல் 10

அண்ணா,

உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் மதியம் வரை பதினோரு பேருக்கு எடுத்தேன். ஒருவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், அவரே கையைத் தூக்கி, "விடலாமாம்மா?" என்று கேட்டார்.

முதலில் வந்தது நிம்மதிதான். சொல்லியிருக்கிறேன், சொல்லியிருக்கிறேன் என்று. அது ஒரு மணி நேரம் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. உன் மகள் பள்ளி முடித்ததை நான் யாரோ சொல்லிக் கேட்டேன். சித்தப்பா என் போனை எடுப்பதே இல்லை. ஒரு வாக்கியத்தின் பாதியால் நீ என்னை வீட்டை விட்டு அனுப்பினாய்.

வியாழக்கிழமையே எடுத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்று உனக்குக் கேட்கத் தோன்றியிருக்கும், கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தெரியாது. பிழைத்திருக்கலாம். அந்த ஆபரேஷனில் பிழைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆறுதலுக்காக இதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியாது. அதே சமயம், வலி குறைந்துவிட்டது, சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கெட்டவர்கள் யாரும் இல்லை. ஷிப்ட் இருக்கிறவர்கள்.

அந்தக் கல் விழுந்ததா? விழவில்லை என்றால் சிறுநீரை வடிகட்டிப் பார். விழுந்தாலும் ஒரு மாதத்துக்குள் இன்னொரு அல்ட்ராசவுண்ட் எடு, கிட்னி வீக்கம் வடிந்ததா என்று தெரிய வேண்டும். வலி நின்றால் எல்லாம் சரியென்று விட்டுவிடாதே. எனக்குப் பதினேழாம் தேதியிலிருந்து மூன்று நாள் லீவு. நான் வருகிறேன். கூடவே வந்து எடுக்க வைக்கிறேன்.

ஆனால் நான் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் அண்ணியிடமும் சித்தப்பாவிடமும் நீ சொல்லியிருக்க வேண்டும். முழு வாக்கியத்தையும். நான் சொல்ல மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை. வருகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் முடிகிறது.

தங்கை

—

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

கல் நேற்று முன்தினம் விழுந்துவிட்டது. ஒரு மிளகு அளவுகூட இல்லை. இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது. வலி இல்லை.

சித்தப்பா வீட்டுக்கு நேற்றுப் போனேன். சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சித்திதான் கேட் வரைக்கும் வந்தாள்.

அண்ணியிடம் இன்று காலை சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சட்டையைப் பாதி மடித்தபடியே பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவ எப்ப வரா?"

பதினேழு என்றேன். மாடி அறையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். என்னோடு பேசவில்லை. வாளித் தண்ணீரை நான் தூக்கிக்கொண்டு போனால் வாங்கிக்கொள்கிறாள்.

அண்ணன்